கண் ஓரத்தில் ஒரு மூடி

கண்ணிலிருந்து தண்ணீர் தாரைதாரையாகக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்த டாக்டரம்மா என்னைப் பார்த்து, "உங்க கண்ணு ரொம்பக் காஞ்சு போயிருக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். கையில் இருந்த துண்டைப் பிழிந்தால் அரை டம்ளர் தேறும். "இன்னாம்மா, டபாய்க்கிறியா? இவ்ளோ தண்ணி கொட்டுது, காஞ்சு போச்சுன்றியே" என்று கேட்டேவிட்டேன். பக்கத்தில் நின்ற என் மனைவி லூர்து விலாவில் ஓர் இடி இடித்தாள். டாக்டரம்மா சிரித்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும்.

இப்போது கண் தேறிவிட்டது. ராயபுரத்தில் யார் பார்த்தாலும் "சவரி, கண்ணுக்குள்ள என்னமோ வெச்சாங்களாமே, பொய்யா நெசமா?" என்று கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதிவிடுகிறேன். கண்ணைவிட என் வேலை என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத்தான் பல பேருக்கு ஆசை. அதையும் சொல்கிறேன், வரிசையாகத்தான் சொல்வேன்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கூண்டு என்னுடையது. கிரேன்காரனுக்குக் கப்பலின் அடிவயிறு தெரியாது. கப்பலின் சரக்குப் பள்ளத்து விளிம்பில் ஒருத்தன் நின்று கை காட்டுவான். அந்தக் கைதான் எனக்குக் கண். தூக்கு, இறக்கு, நிறுத்து, இடது, வலது எல்லாம் அந்தக் கையில் இருக்கிறது. எனக்குக் கை காட்டுகிறவன் காதர். தண்டையார்பேட்டைக்காரன், என் தோஸ்து. அவன் கையை நான் ஒரு நொடி தவறவிட்டால் கீழே நிற்கிற ஆளின் தலைமேல் சுமை விழும்.

அந்த வருஷம் கந்தகக் கப்பல்கள் வரிசையாக வந்தன. கண் எரிந்தது. எல்லாருக்கும்தான் எரிந்தது, ஆனால் மற்றவர்களுக்கு இரண்டு நாளில் சரியானது, எனக்கு ஆகவில்லை. மணல் போட்டு அரைக்கிற மாதிரி உறுத்தல். காற்றடித்தால் ஊசி குத்தும். ரெண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு. மதுவிலக்கு திரும்ப வந்திருந்த காலம் அது. சிவந்த கண்ணோடு கிரேன் ஏறுகிறவனை எங்கள் ஃபோர்மேன் விடுவானா? ஏணிக்குக் கீழே வந்து நின்றுகொண்டு "வாயை ஊதுய்யா" என்பான். நானும் ஊதினேன். காலையில் ஒரு தரம், சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தரம். என் வாயில் மத்திக் குழம்பு வாசனைதான் வந்தது, அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. சாராயத்துக்குப் பதிலாக வார்னிஷ் குடித்தால் வாடை வராது என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் ஐம்பது பேர் பார்க்க ஊதச் சொன்னான். மாட்டேன் என்றேன்.

"அப்போ குடிச்சிக்கினு கீறன்னு எழுதவா?"

"எழுதேன். எழுதிட்டு நீயே மேல ஏறி ஓட்டு."

எழுதிவிட்டான். கம்பெனி டாக்டர் என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். குடி இல்லை என்றார், அதுவரை நல்ல மனிதர். ஆனால் இந்தக் கண்ணோடு கிரேன் ஏறக் கூடாது, ஆறு வாரம் கழித்து மெடிக்கல் போர்டு முன்னால் வா, தேறாவிட்டால் 'அன்ஃபிட்' என்று சொல்லிவிட்டார். அன்ஃபிட் ஆனவனைக் கம்பெனி துடைப்பத்தைக் கொடுத்து ஷெட் கூட்டச் சொல்லும். கூட்டுவது கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் காசிமேட்டுக் கல்லறைக்குப் போகிறவரை அந்தக் கூண்டைவிட்டு நான் இறங்குவதாக இல்லை.

முதல் இரண்டு வாரத்தைக் கைவைத்தியத்தில் தொலைத்தேன். லூர்து விளக்கெண்ணெய் விட்டாள். பன்னீர் விட்டாள். எதிர்வீட்டில் பிரசவமாகி வந்திருந்த பெண்ணிடம் சங்கில் தாய்ப்பால் வாங்கிவந்து விட்டாள். "பச்சப் புள்ளையோட பங்கைப் புடுங்கி உனக்கு ஊத்தறேன்யா, இதுக்காவது கேளு" என்று கண்ணைப் பார்த்தே பேசினாள். கண் கேட்கவில்லை. ஒரு காலையில் இடது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. ரிக்‌ஷா பிடித்து சர்க்கார் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுதான் பெரிய வேலை. சீட்டு வாங்க ஒரு வரிசை, சீட்டைக் காட்ட ஒரு வரிசை. பக்கத்தில் இருந்தவர் மூன்றாவது நாளாக வருகிறாராம். லூர்து முந்தானையில் முடிந்துவைத்த பொட்டுக்கடலையை அவருக்கும் கொடுத்து, எனக்கும் கொடுத்து, வரிசையில் நுழையப் பார்த்த ஒருத்தனைத் திட்டித் துரத்தி, பத்தரை மணிக்கு என்னை உள்ளே தள்ளினாள்.

டாக்டரம்மா மை ஒற்றும் தாளைப் போன்ற ஒரு கீற்றை எடுத்து மடித்து என் கீழிமைக்குள் மாட்டினார். இரண்டு கண்ணிலும் இரண்டு கீற்று தொங்க ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும். நல்ல கண்ணாக இருந்தால் பாதிக் கீற்றாவது நனையுமாம். என்னுடையது ஓர் அரிசி நீளத்துக்கு நனைந்தது. அப்புறம் சிவப்பாக ஒரு சாயத்தை விட்டார். தாடையைத் தாங்கியில் வைத்துப் பெரிய கண்ணாடி வழியாகப் பார்த்தார். கண்ணில் எங்கெல்லாம் காய்ந்து செத்திருக்கிறதோ அங்கெல்லாம் சாயம் ஒட்டுமாம். நிறைய ஒட்டியது.

அப்போதுதான் காய்ந்துபோன கதையைச் சொன்னார், நானும் சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படாமல் விளக்கினார். நல்ல கண்ணீர் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும், கண்மேல் படிந்து நிற்கும். அது இல்லையென்றால் கண் காய்ந்து உறுத்தும். உறுத்தல் தாங்காமல் உடம்பு பயந்துபோய் வெறும் தண்ணீரைக் கொட்டும். அது நிற்காமல் ஓடிவிடும், பிரயோஜனமில்லை. எண்ணெய் தடவாத தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி என்று லூர்து எனக்கு மறுபடி விளக்கினாள். இது ஏன் வந்தது என்று கேட்டேன். வயசு, காற்று, கந்தகத் தூசு, எல்லாம் சேர்ந்திருக்கலாம், முழுசாகத் தெரியவில்லை என்றார். தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்ன முதல் டாக்டர் அவர்தான். அதிலேயே என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

மீதிப் பாதியை அடுத்த வார்த்தை இறக்கியது. இடது கருவிழியில் புண். படுக்கையில் சேர வேண்டும்.

பதினோரு நாள் கிடந்தேன். முதல் ஐந்து நாள் இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். ஒரு கண்ணைத் திறந்து வைத்தால் அது அசையும்போது மற்றதும் அசையுமாம். இருட்டில் கிடக்கிறவனுக்குக் காது பெரிதாகிவிடும். மருந்து வண்டியின் சக்கரம், யாரோ ரொட்டியைப் பாலில் தோய்க்கிற சத்தம், மூன்றாவது கட்டில்காரர் 'ஏன்மா, வெளிய விடிஞ்சிருச்சா' என்று ஆயாவைக் கேட்பது. பயமாக இருந்ததா என்றால், இருந்தது. கட்டு அவிழ்க்கிறபோது கூண்டும் இல்லை, கையும் தெரியவில்லை என்றால் என்ன செய்வேன் என்று நினைத்து நினைத்து வாய் கசந்தது. வெளியே சொல்லவில்லை. வருகிறவர்களையெல்லாம் திட்டிக்கொண்டு கிடந்தேன்.

லூர்து தினமும் தூக்குச்சட்டியில் கஞ்சியும் கருவாட்டுத் துவையலும் கொண்டுவருவாள். பேப்பர் படிக்கச் சொன்னால் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, மீதியை அவளே கட்டிச் சொல்வாள். மந்திரிகள் எல்லாம் அவள் வாயில் எங்கள் தெருக்காரர்கள் மாதிரி பேசினார்கள்.

காதர் ஷிப்டு முடிந்து சாயங்காலம் வருவான். முதல் நாளே என் கையை இழுத்து உள்ளங்கையில் விரலால் ஒரு வட்டம் போட்டான்.

"இன்னா மாமு இது?"

"தூக்கு."

மெல்ல இரண்டு தட்டு தட்டினான்.

"கொஞ்சமா இறக்கு."

கையை இறுக்கிப் பிடித்தான்.

"நிறுத்து. டேய், நான் இன்னா புதுசா சேந்த பையனா, பரீட்சை வெக்கிறே?"

"சொம்மா கெட. மறந்துடப் போறே."

பதினோரு நாளும் இது நடந்தது. அந்தக் கட்டிலில் நான் இறக்கிய சரக்கு ஒரு கப்பல் காணும். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அதுதான் மருந்தாக இருந்தது.

புண் ஆறியது, ஆனால் உறுத்தல் நிற்கவில்லை. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும். கிரேன்காரன் ஒரு கையில் நெம்புகோல், ஒரு கையில் மருந்து சீசா என்று ஓட்ட முடியுமா? டாக்டரம்மாவிடம் அதையே கேட்டேன். அவர் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றைக் கொடுத்து என் கீழிமையை மூக்கோரம் பிதுக்கிக் காட்டினார். ஊசி குத்தினாற்போல ஒரு துளை. எல்லாருக்கும் இருக்கிறதாம். கண்ணீர் அதன் வழியாக இறங்கி மூக்குக்குப் போகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். "வர்ற தண்ணி கம்மியா இருந்தா, போற வழியை அடைச்சிடலாம்" என்றார்.

கார்ப்பரேஷன் குழாயில் நூலாகத் தண்ணீர் வருகிற எங்கள் தெருவில் தொட்டி ஓட்டையைத் துணி வைத்து அடைக்காத வீடு உண்டா? இதற்கா இவ்வளவு படிப்பு என்று கேட்டேன். "இதுக்குத்தான்" என்றார் டாக்டரம்மா.

முதலில் கரைந்துபோகிற ஜெல்லிக் குச்சி ஒன்றைத் துளைக்குள் செருகினார். ஒத்துவருகிறதா என்று பார்க்கத்தான். நான்கு நாள், மகனே, நான்கு நாள் நான் ராஜா. கடற்கரை ரோட்டில் காற்றுக்கு எதிரே கண்ணை விரித்துக்கொண்டு நடந்தேன். ஐந்தாம் நாள் ஜெல்லி கரைந்தது, மணல் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் அழாதவன் அன்றைக்கு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். சுகம் எப்படியிருக்கும் என்று காட்டிவிட்டுப் பிடுங்கினால் அதைவிடக் கொடுமை இல்லை.

டாக்டரம்மாவுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்தவர் வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பியிருந்தார். அதில் சிலிக்கோன் மூடிகள். ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும், கரையாது. கடுகில் பாதி. சட்டைக் காலர் பித்தான் மாதிரி தலையும் தண்டும். தண்டு துளைக்குள் போய்விடும், தலை மட்டும் வெளியே வெள்ளையாக ஒட்டி நிற்கும். என் அளவுக்கு இருந்தது இரண்டே இரண்டு. மரத்துப்போகச் சொட்டு விட்டு, இடது கண்ணில் ஒன்று, வலது கண்ணில் ஒன்று அழுத்தினார். இமைக்குள் யாரோ பித்தான் போட்டது போல இருந்தது, அவ்வளவுதான்.

"கசக்கக் கூடாது. யாரையும் தொட விடக் கூடாது. இது போச்சுன்னா அடுத்தது எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

லூர்துவிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை, காதரிடம்கூட. அதுதான் நான் செய்த தப்பு. 'கண்ணில் பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு கிரேன் ஓட்டப் பார்க்கிறான்' என்று ஃபோர்மேன் காதுக்குப் போனால் அந்த ஒரு வார்த்தையிலேயே என் வேலைக்கு உலை வைத்துவிடுவான் என்று பயந்தேன். காதர் ரகசியம் காக்கிறவன்தான், ஆனால் அவன் டீக்கடைக்காரனிடம் ரகசியம் காக்க மாட்டான்.

இங்கே துறைமுகத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களில் யார் கண்ணில் தூசு விழுந்தாலும் டிஸ்பென்சரிக்குப் போகமாட்டோம். போனால் அரைநாள் போய்விடும். ஒவ்வொரு கூட்டத்திலும் தூசு எடுக்கிற கைக்காரன் ஒருத்தன் இருப்பான். எங்கள் கூட்டத்தில் காதர். கைக்குட்டை முனையைத் திரியாக முறுக்கி, ஆறின டீயில் நனைத்து, தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரே இழுப்பு. நிலக்கரி, கந்தகம், இரும்புத் துகள் எதுவானாலும் வந்துவிடும். கேட்டுச் செய்கிற வழக்கம் கிடையாது. கேட்டால் எதிராளி கண்ணை மூடிக்கொள்வான்.

போர்டுக்கு மூன்று நாள் இருந்தது. கண்கள் தெளிந்திருந்தன. பெருமை தாங்காமல் துறைமுக கேட் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். நிலக்கரி லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. இரண்டு தரம் இமைத்தேன், அவ்வளவுதான். காதர் என் முகத்தைப் பார்த்தான்.

"மாமு, கண்ணோரத்துல தூசு கீது. இரு."

"டேய், வேணா..."

என் தலை அவன் அக்குளில் இருந்தது. திரி உள்ளே போய் வெளியே வந்தது.

"யப்பா, எம்மாம் பெருசு! கல்லு மாதிரி கீதுடா!" என்று பெருமையாகச் சொல்லிக் கைக்குட்டையை உதறினான்.

நான் போட்ட கத்தலில் டீக்கடை முழுக்க எழுந்து நின்றது. இடது மூடி போய்விட்டது. காதரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. தரையில் மண்டியிட்டுத் தேடினான். டீத்தூள், பீடித்துண்டு, லாரிப் புழுதி. அதில் கடுகில் பாதியை எங்கே தேடுவது? ஒரு மணி நேரம் தேடினோம். கடைசியில் காதர் அந்தக் கலீஜிலேயே உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

"என் கையை வெட்டிப் போடு மாமு."

"உன் கையை வெட்டிட்டா எனக்கு எவன்டா கை காட்டுவான்?" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன், ஆறுதலுக்கு அல்ல.

மறுநாள் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த பொட்டலம் வர மாதக்கணக்கு ஆகும். இன்னொரு வழி உண்டு, துளையைச் சுட்டு மூடிவிடுவது. ஆனால் சுட்டது சுட்டதுதான், மூடியைப் போலக் கழற்ற முடியாது. பின்னால் கண்ணீர் கூடினால் ஆயுசு பூராவும் கன்னத்தில் ஒழுகிக்கொண்டிருக்கும். "போர்டுக்குத் தேதி மாத்திக் கேளுங்களேன், நான் கடிதம் தர்றேன்" என்றார்.

தேதியை ஃபோர்மேன் மாற்றவிடுவானா? அதற்குள் கூண்டில் வேறொருத்தன் உட்கார்ந்திருப்பான்.

"சுடுங்கம்மா" என்றேன்.

லூர்து என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள். "யோவ், அவசரத்துல சுட்டுக்கினு அப்பால ஊரே பாக்க ஒழுகிக்கினு நிப்பியா? கிரேன் போனா போவட்டும்யா. நான் இட்லி சுட்டு வித்தாவது..."

"உனக்கு நான் வூட்ல கெடந்தா போதும். எனக்குப் போதாது லூர்து. நாளைக்கு ஒழுவுச்சுன்னா தொடச்சிக்கிறேன். நாளைக்கு வரப்போற தண்ணிக்குப் பயந்து இன்னிக்கு இறங்கிவர மாட்டேன்."

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, வா. ஆனா நான் பக்கத்துல நிப்பேன். அவங்க போவச் சொன்னாலும் போவ மாட்டேன்" என்றாள். இமையில் ஊசி போட்டு, காய்ச்சின கம்பி முனையை டாக்டரம்மா வைத்தபோது மயிர் கருகுகிற வாடை வந்தது. என் இரண்டு பாதத்தையும் லூர்து இறுகப் பிடித்துக்கொண்டு மாதா மந்திரம் சொன்னாள். வலித்ததா என்றால், ஊசிதான் வலித்தது. ஏசு சத்தியமாக, சூடு வலிக்கவில்லை.

போர்டு அன்றைக்கு வலது கண் பளிச்சென்று இருந்தது, இடது இமை வீங்கியிருந்தது. மூன்று பேர் மேசைக்குப் பின்னால், ஃபோர்மேன் ஓரமாக. அவன் வாய் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன். ஒளித்து ஒளித்துப் பட்டது போதும்.

"ஐயா, வலது கண்ணுல மூடி வெச்சிருக்கு, இடது கண்ணுல சூடு வெச்சிருக்கு. கண்ணு காஞ்சு போற வியாதி, குடி இல்ல. டாக்டரம்மா கடிதம் இதோ. சுவத்துல எழுத்தைப் படிக்கச் சொன்னா படிக்கிறேன். ஆனா நான் சுவத்தை ஓட்ற ஆள் இல்ல. கிரேனாண்ட வாங்க. காதரைக் கை காட்டச் சொல்லுங்க."

எழுத்தையும் படிக்கவைத்தார்கள். அப்புறம் நடுவில் இருந்தவர் கடிதத்தை இரண்டாம் தரம் படித்துவிட்டு எழுந்தார். ஆறு சுமை இறக்க வேண்டும், ஒன்று பிசகினாலும் அன்ஃபிட் என்றார். ஃபோர்மேன் வேறு ஆளைக் கை காட்டச் சொன்னான். காதர் இல்லாமல் ஏற மாட்டேன் என்று ஏணிக்கடியில் நின்றுவிட்டேன். டீக்கடைச் சம்பவத்துக்குப் பிறகு என் முகத்திலேயே விழிக்காதவனைத் தேடிக் கூட்டிவந்தார்கள்.

ஏறினேன். நாற்பத்தெட்டுப் படி. கடல்காற்று நேரே முகத்தில் அடித்தது. இமைத்தேன். மணல் இல்லை, ஊசி இல்லை, கண் கண்ணாக இருந்தது. கீழே பள்ளத்தின் விளிம்பில் காதர் நின்றான். கையை உயர்த்தினான். அந்தக் கை நடுங்கியது. தூக்கா, நிறுத்தா, எனக்கே புரியவில்லை. உற்றுப் பார்த்தேன். அத்தனை உயரத்திலிருந்து அவன் கன்னத்தில் வழிகிறது பளபளவென்று தெரிந்தது. எனக்குத் தெரிந்தது! கூண்டுக்கு வெளியே தலையை நீட்டி, போர்டும் ஃபோர்மேனும் கேட்கட்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"டேய் காதரு! அழுவறதுன்னா அப்பால அழு. இப்போ கையை நேரா காட்டுடா!"

அவன் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கை நேரானது. ஆறு சுமை கேட்டார்கள். ஒன்பது இறக்கிவிட்டுத்தான் கீழே வந்தேன்.